முதல் வீடு வாங்கிக் குடிபோகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: தருமபுரி பத்திர டைப்பிஸ்ட் ஒருத்தியின் பதில்கள்

தருமபுரியில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினான்கு வருடமாக டைப் அடிக்கிறேன். கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீசில் டோக்கன் கூப்பிடும்வரை பார்ட்டிகள் அதில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்ததும் கேட்பது கட்டணம், சாட்சி, ஆதார். டீ வந்து, அரை மணி கழிந்து, பேச்சு தளர்ந்த பிறகு கேட்பது வேறு. “ஏம்மா, எனக்கு மட்டும்தான் இப்படி வயித்தைப் பிசையுதா, எல்லாருக்குமா?” என்பது போல. அந்த இரண்டாவது வகைக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முதல் வகையும் நடுநடுவே வரும். பாதிக் கலக்கம் கணக்குத் தெரியாததால் வருவதுதானே.

நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள். மூன்று வருடத்துக்கு முன் இலக்கியம்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கினோம். காலமாகிவிட்ட ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கட்டியது. தெருவில் அதற்கு ‘வாத்தியார் வீடு’ என்று பேர்.

கேள்வி: பத்திரம் பதிந்த அன்று சந்தோஷமே வரவில்லை. வெறிச்சென்று இருந்தது. ஏன்?

அன்றைக்குச் சந்தோஷப்பட நேரம் எங்கே இருக்கிறது? காலையில் பேங்குக்கு ஓடி டிடி வாங்க வேண்டும். சாட்சிக்கு வருகிறேன் என்ற மச்சான் போனை எடுக்க மாட்டார். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை ரேகை மெஷின் ஏற்காது. துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். போட்டோவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாது. மதியச் சாப்பாடு கிடையாது.

எங்கள் கிரயப் பத்திரத்தை நானே அடித்தேன். “இன்று முதல் மேற்படி சொத்தைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்வீர்களாகவும்” என்ற வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்று, வாங்குபவர் பேர் வரவேண்டிய இடத்தில் முந்தின நாள் வந்த பார்ட்டியின் பேரை அடித்து வைத்திருந்தேன். முதலாளிதான் கண்டுபிடித்தார். “என்னம்மா, உன் வீட்டை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்கறே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கை நடுங்கியது.

சாயங்காலம் பத்திரம் கைக்கு வந்தது. நாற்பது நிமிடம் கழித்துப் பேங்க்காரர் வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். இருபது வருடம் கழித்துத்தான் அதை மறுபடி பார்ப்பேன். இதில் சந்தோஷம் எப்படி வரும்?

எனக்கு வந்தது எப்போது என்று சொல்கிறேன். ஒன்பது வருடம் இருந்த வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது சட்டம். காலண்டரை ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருந்தோம். புது வீட்டில் இவர் ஆணியும் சுத்தியுமாக ஸ்டூல் மேல் ஏறினார். ஏறியவர் அடிக்காமல் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார். “யாரு வரப்போறாங்க, அடிங்க” என்றேன். அடித்தார். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. சிரிப்பும் வந்தது, ஐயோ நம்ம சுவரு என்று வலிக்கவும் வலித்தது. அந்தப் பள்ளம் காலண்டருக்குப் பின்னால் இப்போதும் இருக்கிறது.

கேள்வி: எங்களுக்கு விற்ற அம்மா ரிஜிஸ்டர் ஆபீசிலேயே அழுதுவிட்டார். பாவம் பிடிக்குமோ?

பேசிய பணத்தைப் பேசியபடி கொடுத்திருந்தால் பிடிக்காது. கடைசி நேரத்தில், எதிராளி வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட உட்கார்ந்த பிறகு, “ஐம்பதாயிரம் குறைச்சுக்கோங்க” என்று இழுக்கிறவர்களை இந்தப் பெஞ்சில் பார்த்திருக்கிறேன். பிடிக்கும் என்றால் அவர்களைப் பிடிக்கட்டும்.

எங்களுக்கு விற்றது வாத்தியாருடைய சம்சாரமும், பெங்களூரில் இருக்கும் இரண்டு மகன்களும், பாலக்கோட்டில் இருக்கும் மகளும். அந்த அம்மா அழவில்லை. என்னை ஓரமாக உட்காரவைத்து இருபது நிமிடம் வீட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். பின்கட்டுக் குழாயை இடது பக்கம் அரைச் சுற்றுதான் திருப்ப வேண்டும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்ற வேண்டும். மாடி ஜன்னல் கொக்கி நிற்காது, காற்றுக் காலத்தில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “காம்பவுண்டு ஓரமா அவரைக்கொடி ஒண்ணு விட்டிருக்கேன். தை முடியற வரைக்கும் மட்டும் பிடுங்கிடாதே கண்ணு” என்றார். கார்த்திகை மாதம் அது. கொடி பூத்திருந்தது.

தையில் ஒரு கட்டைப்பை நிறைய அவரைக்காயை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டில் அவர் மகள் வீட்டுக்குப் போனேன். பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு “இந்த வருஷம் காய்ப்பு கம்மி” என்றார். அவ்வளவுதான். உள்ளே கூப்பிட்டுக் களி போட்டார்.

உங்களுக்கு விற்றவர் அழுதால் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆறுதலும் வேண்டாம். வீட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் குழாய், எந்தச் சாவி என்று. சொல்லச் சொல்ல அவர்களுக்கே கொஞ்சம் ஆறும்.

கேள்வி: கடன் வாங்கிய நாளிலிருந்து தூக்கம் இல்லை. நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது.

கல்லின் எடை தெரிந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். 20 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதம் அதில் 14,167 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 3,189. ஐந்து வருடம் விடாமல் கட்டினால் கையை விட்டுப் போனது 10 லட்சத்து 41 ஆயிரம்; அசல் குறைந்தது சுமார் 2 லட்சத்து 37 ஆயிரம். இந்தக் கணக்கைக் கேட்டு முகம் செத்துப்போகாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் இதையே திருப்பிப் போடுங்கள். வருடத்துக்கு ஒரு தவணையை மட்டும் கூடுதலாகக் கட்டினால் ஏறக்குறைய மூன்றரை வருடம் முன்னாடியே கடன் அடையும். தனிநபர் எடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. 2012-லிருந்தே ரிசர்வ் வங்கி அதைத் தடுத்து வைத்திருக்கிறது. தீபாவளி போனஸ் வந்தால் டிவி கடைக்குப் போகும் வழியில் பேங்கைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். நின்று யோசியுங்கள்.

எங்கள் வீட்டில் இதை விளையாட்டாக்கிவிட்டார் இவர். மாதம் ஐந்தாம் தேதி தவணை போனதும், அந்த மாத அசலுக்கு வீட்டில் எந்தச் சாமான் நம்முடையது ஆனது என்று அறிவிப்பார். “பாத்ரூம் கதவு நம்மது ஆயிடுச்சு.” “சிங்க்கும் குழாயும் முடிஞ்சது.” நிலைவாசலுக்கு மட்டும் பதினோரு மாதம் ஆயிற்று, தேக்கு. ஹால் சீலிங் இன்னும் பேங்க்காரர்களுடையது. அதனால் ஒட்டடை அடிக்க மாட்டேன் என்கிறார்.

பத்திரம் பேங்கில் தொலைந்துவிடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. கடன் முழுக்க அடைந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கம் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி.

கேள்வி: வாடகையிலேயே இருந்திருந்தால் லாபம் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டுகிறான்.

கணக்குச் சரியாகவே இருக்கலாம். எங்கள் வாடகை 6,000. தவணை அதற்கு மூன்று மடங்கு. மிச்சத்தைச் சேமித்திருந்தால் என்று அவன் சொல்வது நியாயம்தான். சேமித்திருப்பீர்களா என்பதை மட்டும் அவன் இல்லாத நேரத்தில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனைவியின் நகையை விற்றுத்தான் அட்வான்ஸ் கொடுத்தோம். கிரகப்பிரவேசத்துக்குக் கவரிங் போட மாட்டேன், வெறும் கழுத்தோடு நிற்கிறேன் என்கிறாள்.

நிற்கட்டும். தடுக்காதீர்கள்.

வீட்டுச் செலவில் பேங்க் கொடுப்பது ஒரு பங்குதான். 30 லட்சம் வரைக்கும் கடன் என்றால் அதிகபட்சம் மதிப்பில் 90 சதவீதம் என்று விதி சொல்லும். நடைமுறையில் அதற்குக் கீழேதான் நிற்பார்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை, இரண்டில் எது அதிகமோ அதற்கு. எங்கள் 26 லட்சம் வீட்டுக்கு அதுவே 2 லட்சத்து 34 ஆயிரம். இந்த இடைவெளியை இந்த ஊரில் யார் நிரப்புகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெண்களின் கழுத்தும் கையும்தான். என்னுடையது பதினோரு பவுன். அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்தது. இன்றைக்குப் பவுன் விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது, அதனால் கேட்பதில்லை.

பத்திரத்தில் ‘கிரயத் தொகையை ரொக்கமாகவும் காசோலையாகவும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதுவோம். வளையல் பற்றி எழுத இடம் கிடையாது. உங்கள் மனைவி வெறும் கழுத்தோடு நிற்பது அந்த விட்டுப்போன வரியை ஊருக்குப் படித்துக் காட்டுவதற்கு. யாராவது கேட்டால் நீங்களே முந்திக்கொண்டு, “அவ நகையிலதாங்க வீடு நிக்குது” என்று சத்தமாகச் சொல்லுங்கள். கோபம் பாதி இறங்கும். மீதிப் பாதிக்கு நகைதான் வாங்க வேண்டும்.

கேள்வி: யார் பேரில் எழுதுவது என்பதிலேயே வீட்டில் மூன்று பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. அதற்கு மேல் போனால் அந்தச் சலுகை இல்லை, ஆகவே அதைச் சாக்காகச் சொல்ல முடியாது. யார் பணம் போட்டார்களோ அவர்கள் பேர் இருக்கட்டும். இரண்டு பேர் போட்டால் இரண்டு பேர் பேரும். இன்னொரு பேரைச் சேர்த்து அடிப்பதற்கு நான் கூடுதல் காசு வாங்குவதில்லை.

கேள்வி: கணவரை இழந்த அம்மாவைப் பால் காய்ச்ச வைக்கலாமா? சொந்தக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்.

வையுங்கள்.

என் மாமனார் போய்ப் பன்னிரண்டு வருடம். எங்கள் கிரகப்பிரவேசத்தன்று அத்தை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, மாவிலை கட்டி, எல்லாம் செய்துவிட்டு, ஹோமம் ஆரம்பித்ததும் பின்கட்டுக்குப் போய்விட்டார். மாடு உள்ளே வந்தபோதும் காணோம். நான் போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். “நான் எதுக்கும்மா முன்னாடி” என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பால் செம்பை அவர் கையில் கொடுத்தேன். இவருடைய பெரியம்மா ஒருத்தர் தொண்டையைக் கனைத்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. அத்தை கை நடுக்கத்தில் பால் கொஞ்சம் அடுப்பு மேடையில் சிந்தியது. பிறகு பாத்திரத்தில் ஊற்றியது பொங்கி வழிந்தது. எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்க்க மறந்துவிட்டோம். கிழக்குப் பக்கம் என்று இவர் அடித்துச் சொல்கிறார்.

கேள்வி: நல்ல மாதம், தெருக்குத்து, தெற்கு வாசல், திருஷ்டி…

ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி ஆகிய மாதங்களில் வாஸ்து புருஷன் கண் விழிப்பதில்லை என்று பஞ்சாங்கம் சொல்லும்; அதனால் அந்த மாதங்களை விடுவார்கள். ஆடியில் விழித்தாலும் நாம் குடிபோக மாட்டோம், அது தனி. வாசலில் பூசணிக்காய் கட்டுங்கள், அழுகினால் மாற்றுங்கள். தெருக்குத்து இருக்கிறது என்று மொய் எழுத வந்த இடத்தில் சொல்கிற சித்தப்பாவுக்கு இன்னொரு லட்டு வையுங்கள்.

கேள்வி: சொந்த வீட்டுக்குப் போகிறேன் என்று ஒன்பது வருடம் கனவு கண்டேன். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது அழுகை அடக்க முடியவில்லை. இது என்ன கிறுக்குத்தனம்?

என் கிறுக்குத்தனமும் இதேதான். குமாரசாமிப்பேட்டையில் லைன் வீடு. ஆறு குடித்தனம், ஒரு போர், ஒரு மோட்டார் ஸ்விட்ச். யார் போடுவது என்று தினம் சண்டை. பக்கத்து வீட்டுக் குக்கரின் மூன்றாவது விசிலுக்கு நான் என் அடுப்பை அணைப்பேன். அவர்கள் பருப்புக்கும் என் பருப்புக்கும் ஒரே கணக்கு. புது வீட்டில் முதல் வாரம் முழுக்கப் பருப்பு குழைந்துபோனது.

காலி செய்த அன்று ஹவுஸ் ஓனர் அம்மா பெயின்ட் செலவு என்று அட்வான்சில் 8,000 பிடித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் வேகமாகக் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். டாட்டா ஏஸில் சாமான் ஏறிய பிறகு வெறும் அறையைக் கூட்டினேன். பீரோ இருந்த இடத்தில் சுவர் மட்டும் பழைய பச்சையில் இருந்தது. பெரியவனுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி மேலே அப்படியே. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாவே வந்து, “ஏன்டி, சொந்த வீட்டுக்குப் போறவ அழுவாளா, வெளக்கு வெச்ச மாதிரி போ” என்று திட்டி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

அந்தத் தையில் இன்னொன்றும் நடந்தது. குமாரசாமிப்பேட்டை முருகன் கோவிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் மட்டும் வடம் பிடித்துத் தேர் இழுப்பார்கள். ஒன்பது வருடம் வாசலிலிருந்து நாலடி நடந்தால் வடம். அந்த வருடம் பஸ் பிடித்துப் போனேன். பழைய வீட்டு வாசலில் வேறு யாரோ கோலம் போட்டிருந்தார்கள், என்னைவிட நன்றாகவே. லைன் வீட்டுப் பெண்கள் “வாங்க வாங்க” என்றார்கள். அதுவரை அங்கே என்னை யாரும் ‘வாங்க’ என்றதில்லை. ‘வாடி’தான்.

கேள்வி: அப்பா மேஸ்திரி. புது வீட்டுக்கு வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிடிக்கவில்லையோ?

சொல்லத் தெரியாமல் இருக்கும். என் அப்பாவும் மேஸ்திரிதான். அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போய் முப்பது வருடம் அங்கேயே. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படி எத்தனை அப்பாக்கள் என்று எண்ண முடியாது. வீடு பார்க்க அவரை அழைத்துப் போனபோது உள்ளே வந்ததும் விரல் முட்டியால் சுவரை இடம் இடமாகத் தட்டினார். ஒரு இடத்தில் நின்று காதை வைத்துக் கேட்டார். “செங்கல்லு. பூச்சு கைவேலை நல்லாருக்கு” என்றார். ஒரு கோடி பெற்ற மாதிரி இருந்தது எனக்கு.

பால் காய்ச்சிய அன்று சாப்பிட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். “இருக்கட்டும்மா. எத்தனை வீடு கட்டினேன். பால் காய்ச்சறதுக்கு முந்தின நாளே சாமானை எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுவோம். இந்த ஹோமப் புகை எப்படி இருக்கும்னே தெரியாது” என்றார். கண் எரிகிறது என்று துண்டால் துடைத்துக்கொண்டார். புகை வாசல் வரை வரவில்லை.

உங்கள் அப்பாவிடம் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சு தானாக வரும்.

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் அரை ஏக்கர் விற்றுக் கிருஷ்ணகிரி டவுனில் வீடு வாங்கினோம். சீசன் வந்தால் அப்பா யாரோடும் பேசுவதில்லை.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. வீடு வாங்கியவர் ஒருவர், மரத்தை இழந்தவர் இன்னொருவர். ஒரே பத்திரம்தான், ஆனால் ஒரே சம்பவம் இல்லை. பெங்களூரா மாங்காய் கூழ் பேக்டரிக்கு லாரி லாரியாகப் போவதை அவர் ரோட்டோரம் நின்று பார்ப்பார், கிலோ என்ன விலை என்று விசாரிப்பார், அநியாயம் என்று திட்டுவார். திட்டட்டும். வாசலில் ஒட்டுக்கன்று வைக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வைத்தால் செப்டிக் டேங்கிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். இடம் இல்லாவிட்டால் விடுங்கள். தொட்டியில் மாமரம் வைத்து அவர் முன்னால் நீட்டாதீர்கள்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை. அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி வாங்கினேன். ‘மண்ணே இல்லாம வீடா’ என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மண் இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் ‘பிரிபடாத பாகம் இத்தனை சதுரடி’ என்று ஒரு வரி இருக்கும். அதுதான் உங்கள் மண். 436 சதுரடி என்றால் ஏறக்குறைய ஒரு சென்ட். எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, அவ்வளவுதான். மொத்தத்திலும் உங்களுக்குப் பங்கு. பத்திரத்தில் அந்த எண் இருக்கிறதா, மற்ற வீட்டுக்காரர்களின் எண்ணோடு கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். ஊரில் கேட்கிறவர்களை ஒரு மாலை பால்கனியில் நிற்கவையுங்கள். அந்த ஊர்க் குளிருக்கு வாயை மூடிக்கொள்வார்கள்.

கேள்வி: வீட்டில் தண்ணீர் எப்படி என்று ஏன் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள்?

இந்த மண்ணில் கேட்காமல் எப்படி இருக்க முடியும்? இவர் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். பல்லில் பழுப்புக் கறை. கல்யாண போட்டோவில் வாயை மூடித்தான் சிரித்திருப்பார். நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்த வேலை அது. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்ற அளவு, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். இந்தக் கஷ்டத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல்.

எங்கள் வீட்டை முதலில் பார்க்கப் போனபோது எல்லோரும் பூஜை அறையைப் பார்த்தோம். இவர் நேராகப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து, கையில் பிடித்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, “ஒகேனக்கல் தண்ணி இருக்கு. வாங்கிக்கலாம்” என்றார். போர் தண்ணீரைக் குடிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண் பரிசோதனை செய்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், இதற்கு மட்டும் சோம்பல்.

கேள்வி: குடிவந்து முதல் மழைக்கே ஒழுகுகிறது. தப்புச் செய்துவிட்டோமோ?

முதல் ஐப்பசியில் எங்கள் பின் அறையில் ஒரு மூலை ஊறி, சுண்ணாம்பு கொப்புளித்து, சொட்ட ஆரம்பித்தது. இரவு இரண்டு மணி. பாத்திரம் வைத்துவிட்டு இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 26 லட்சம், 26 லட்சம் என்று சொட்டுவது போலவே இருந்தது. வாடகை வீடாக இருந்தால் ஓனருக்குப் போன் போட்டுக் கத்தலாம். இப்போது ஓனர் யார்?

விடிந்ததும் விற்றவரின் மூத்த மகனுக்குப் போன் செய்தேன். “அந்த மூலையா? அது எங்கப்பா காலத்துலருந்தே ஒழுகுங்க” என்றார், ஒரு குறையும் இல்லாத குரலில். கோபப்படலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கூடவே, அவர்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் வைப்பார்கள் என்பதையும் சொன்னார். மாடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் மட்டம் சரிசெய்து தட்டோடு பதித்தோம். 14,000 ஆயிற்று. வாங்கும்போதே ஐம்பதாயிரமாவது தனியாக எடுத்து வையுங்கள், ரிப்பேருக்கு. நாங்கள் வைக்கவில்லை.

கேள்வி: பிள்ளைகள் பழைய தெருவுக்கே போகலாம் என்கிறார்கள்.

ஒரு மாதம் சொல்வார்கள். பந்து பக்கத்து வீட்டில் விழுந்து, அவர்கள் திட்டி, திருப்பிக் கொடுத்த பிறகு சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: எப்போதுதான் ‘இது நம்ம வீடு’ என்று தோன்றும்?

தவணை தவணையாகத்தான் தோன்றும்.

வெள்ளையடிக்க வந்தவர் மீட்டர் பெட்டியைத் திறந்துவிட்டுக் கூப்பிட்டார். கதவின் உள்பக்கம் முழுக்க வாத்தியார் பென்சிலில் எழுதியிருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி. தேதி, ரீடிங், யூனிட். 1996-ல் ஆரம்பித்து, எழுத்து வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, ஒரு தேதியோடு நின்றிருந்தது. “இதை அடிச்சுடவாக்கா?” வேண்டாம் என்றேன். அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்துபோனதும் அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி எழுதினேன். இப்போது பதினேழு வரி ஆகிவிட்டது.

ஆனால் ஊருக்கு இன்னும் அது வாத்தியார் வீடுதான். கேஸ் சிலிண்டர்காரருக்கு வழி சொல்லும்போது நானே, “வாத்தியார் வீடு தெரியுமில்ல, அதுதான்” என்கிறேன்.

போன மாதம் எங்கள் கிழக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கடைக்கு வந்தார். மகள் பேருக்குத் தானசெட்டில்மென்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது. பழைய பத்திரத்தை நீட்டி, “எல்லையெல்லாம் இதுல இருக்கற மாதிரியே போட்டுடும்மா” என்றார். நாலு எல்லையும் எழுதியிருக்கும் சக்குபந்தியைப் பார்த்தேன். வாத்தியார் பேர் போட்டு, ‘அன்னார் வீட்டிற்குக் கிழக்கு’ என்று இருந்தது. “இப்போ யாருதுன்னுதான் போடணுங்கய்யா” என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். “ஆமாம்ல. நீதானே இப்போ” என்றார். பிறகு, “உன் பேரைப் போடு. பக்கத்துலயே வாத்தியார் வீடுன்னும் போட்டுடு. இல்லைன்னா நாளைக்கு எம்புள்ளைக்கு அடையாளம் தெரியாது.”

என் பேரை அடித்து, பக்கத்தில் ‘வாத்தியார் வீடு’ என்றும் சேர்த்தேன். பிரிண்ட் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.